நரம்பின் கல்வியும் தசையின் வலிமையும்

உடல்வலிமை என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே பரந்த மார்பும் திரண்ட தோளும் நம் மனக்கண்முன் தோன்றுதல் இயல்பு. வலியான் ஒருவனைக் காண்போர் அவன் புயத்தை நோக்குகின்றனரேயன்றி, அப்புயத்தை ஏவுகின்ற ஒன்று அவன் தலையினுள்ளும் முதுகெலும்பினுள்ளும் இருந்து தொழில் செய்வதனை எண்ணுவாரல்லர். கைகால்களை அசைக்கும் தசை தானே இயங்கும் தன்மையதன்று, அஃது ஏவலாள். அதனை ஏவுவது நரம்பு. ஏவலாள் எத்துணை வலியனாயினும், ஏவுவோன் செவ்வனே ஏவாவிடத்து வேலை நடவாது. ஆகலின், வலிமை என்பது தசையின் பருமை மட்டுமன்று, நரம்பின் கல்வியுமாம் என்பதனையும், செயலற்ற கைகளை மீண்டும் உழைக்கும் கைகளாக்க இவ்வுண்மை நம் நாட்டிற் பயன்பட்ட வரலாற்றினையும் இக்கட்டுரையிற் சுருங்கக் கூறுவாம்.

முதற்கண் எல்லாரும் எளிதிற் கண்டறியத்தக்க ஒரு செய்தியை நோக்குவாம். மயிலத்தைச் சூழ்ந்த சிற்றூரொன்றிற் கர்லாக்கட்டை சுழற்றுவோனாயினும், விழுப்புரத்து உடற்பயிற்சிக் கூடத்தில் இரும்புக்குண்டு தூக்குவோனாயினும், புதிதாகப் பயிலத் தொடங்கிய இளைஞன் ஒருவன் முதல்நாளிற் பெரிதும் வருந்தித் தூக்கிய எடையை மூன்றாம் வாரத்திற் சிறிது எளிதாகவே தூக்குகின்றான். அவன் மகிழ்ந்து, நூல்கொண்டு தன் புயத்தை அளந்து பார்ப்பானாயின், முன்னிருந்த அளவிற் பெரும்பாலும் வேறுபாடு காணான். புயம் பருக்கவில்லை, எடையோ முன்னினும் மிகுதியாக எழுகின்றது. அங்ஙனமாயின் மிகுந்த வலிமை எங்கிருந்து வந்தது? இவ்வினாவிற்கு விடை காண்பதே நம் நோக்கமாகும்.

விடை காணுமுன் சொற்பொருளைத் தெளிந்துகோடல் வேண்டும். பண்டை இலக்கியங்களில் நரம்பு என்பது யாழின் தந்தியையும் குறித்தது. இக்காலத்துப் பேச்சுவழக்கிலோ, புறங்கையிற் பச்சையாகத் தோன்றும் குருதிக்குழாயையும் நரம்பு என்பர். குதிகாலுக்குமேல் தடித்து நிற்கும் நாணையும் நரம்பு என்பர். உடல்நூலார் இம்மூன்றனையும் வேறுவேறாகக் கொள்வர். குருதி ஓடுவது குருதிநாளம். தசையை எலும்போடு பிணிப்பது தசைநாண். மூளையினின்றும் தண்டுவடத்தினின்றும் ஏவலைக் கொண்டு செல்வதும், உடலுறுப்புக்களினின்று செய்தியை மீட்டுக் கொணர்வதுமாகியதே நரம்பு. இக்கட்டுரையில் நரம்பு என்னும் சொல் இக்கடைசிப் பொருளிலேயே வரும். எனினும், யாழ்நரம்பின் பெயரை இதற்கிட்டோர் பொருத்தமறியாதார் என்று கூறுதற்கில்லை. மீட்டுவார் மீட்டினாலன்றி யாழும் ஒலியாது, உடலும் இயங்காது.

இனி, தசை சுருங்குமாறு யாங்ஙனமென்று காண்பாம். நரம்பின் வழியே வருவது மின்துடிப்பு. அத்துடிப்பு நரம்பின் நுனியை அடைந்தவுடன் அங்கு அசெட்டைல்கோலின் என்னும் பொருள் சுரக்கின்றது. அது தசைநாரைத் தீண்டியவுடன் நாரின் மேற்புறத்தே மற்றொரு துடிப்பெழ, நாரினுள்ளே அடைத்துவைக்கப்பட்டிருந்த கால்சியம் வெளிப்படுகின்றது. தசைநாரினுள்ளே மயோசின் என்னும் தடித்த இழைகளும் ஆக்டின் என்னும் மெல்லிய இழைகளும் ஒன்றனிடையே ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. கால்சியம் வெளிப்பட்டதும், தடித்த இழைகளினின்று நீண்டுள்ள நுண்ணிய கொக்கிகள் மெல்லிய இழைகளைப் பற்றி இழுக்கின்றன.

இதனை விளக்க ஆழ்கிணற்றினின்று நீர் சேந்துவோனை நினைமின். அவன் கயிற்றை ஒரு கையாற் பற்றி இழுத்து, விட்டு, மீண்டும் கீழே பற்றி இழுக்கின்றான். கயிறு சுருங்குவதுமில்லை, கை சுருங்குவதுமில்லை, கயிறு கையைக் கடந்து நழுவுகின்றது, குடம் மேலேறுகின்றது. அதுபோலவே, இழைகள் தம் நீளங் குறையாமல் ஒன்றன்மேலொன்று நழுவுதலாலேயே தசை முழுதும் சுருங்குகின்றது. 1954-ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, நீடர்கெர்கே என்னும் இருவரும், ஹியூ ஹக்ஸ்லி, ஜீன் ஹான்சன் என்னும் இருவரும் இதனைத் தனித்தனியே ஆராய்ந்து ஒரே காலத்தில் வெளியிட்டனர். பற்றிய கொக்கி விடுதற்கும் உடலின் ஆற்றற்பொருள் வேண்டும். உயிர் நீங்கியபின் அப்பொருள் புதிதாக உண்டாகாமையின், பற்றிய கொக்கிகள் பற்றியபடியே நின்றுவிடுகின்றன. பிணம் விறைத்தற்குக் காரணம் இதுவே.

நிற்க. ஒரு தசையிலே பல்லாயிரம் நார்கள் உள. அவற்றை ஏவும் நரம்பணுக்களோ அத்துணையல்ல. ஒரு நரம்பணு பல கிளைகளாகப் பிரிந்து பல நார்களை ஏவுகின்றது. அந்நரம்பணுவையும் அதன் ஏவலுக்குட்பட்ட நார்களையும் சேர்த்து ஓர் இயக்க அலகு என்று வழங்குவர். இக்கருத்தை 1925-இல் வகுத்தோர் ஆங்கில நாட்டு உடலியலறிஞராகிய ஷெரிங்டனும் அவருடன் ஆராய்ந்த லிடெலும் ஆவர். கண்ணைத் திருப்பும் நுண்ணிய தசைகளில் ஒரு நரம்பணுவிற்கு ஏறக்குறைய 10 நார்களே உள்ளன. கெண்டைக்காற் பெருந்தசையிலோ ஒரு நரம்பணுவிற்கு 1,000-க்கு மேற்பட்ட நார்கள் உள்ளன. நுண்டொழில் செய்யும் உறுப்பிற்குச் சிறு குழுக்களும், பெருஞ்சுமை தாங்கும் உறுப்பிற்குப் பெருங்குழுக்களும் அமைந்திருத்தல் வியக்கத்தக்கதன்றோ!

மயிலத்தில் பங்குனி உத்திரப் பெருவிழாவின்போது தேர் ஓடுதலை நம் மாவட்டத்தார் பலரும் அறிவர். அத்தேரின் வடத்தைப் பற்ற வந்தோர் தெருவிற்கொரு குழுவாக நிற்கின்றனர் என்றும், குழுவிற்கொரு தலைவன் உளன் என்றும் வைத்துக்கொள்வோம். தலைவன் குரல்கொடுத்தால் அவன் குழுவினர் அனைவரும் ஒருங்கே இழுப்பர். குரல் கொடாவிடின் ஒருவரும் இழார். தலைவனே நரம்பணு, குழுவினரே தசைநார். தேர் சிறிது அசைந்தாற் போதுமென்னும்போது சிறு குழுக்களே அழைக்கப்படும். பாரம் மிகமிகப் பெருங்குழுக்கள் ஒன்றன்பின்னொன்றாக அழைக்கப்படும். சிறியன முந்தியும் பெரியன பிந்தியும் அழைக்கப்படும் இம்முறையை ஹென்னமன் என்பார் ஆராய்ந்து நிறுவினர். அன்றியும், தலைவர் விட்டுவிட்டுக் குரல்கொடுத்தலினும் விரைந்து விரைந்து குரல்கொடுத்தலால் இழுப்பு வலுக்கும். ஆகவே நரம்பு தசையின் வலிமையை இருவகையால் மிகுவிக்கின்றது. மேலும் பல குழுக்களை அழைத்தல் ஒன்று, விரைந்து அழைத்தல் மற்றொன்று.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. தேர் மிகையாக ஓடாதவாறு சக்கரத்தின் கீழே முட்டுக்கட்டை இடுவோரும் உளரன்றோ? நம் கையிலும், மடக்கும் தசை ஒருபுறமும் நீட்டும் தசை மறுபுறமுமாக நிற்கின்றன. பழகாதவன் பாரந் தூக்குங்கால், அச்சத்தாலும் பழக்கமின்மையாலும் எதிர்ப்புறத்துத் தசையும் வேண்டாத அளவிற்கு இறுகி முட்டுக்கட்டையிடுகின்றது. பழகப் பழக எதிர்த்தசை தளர்ந்து வழிவிடக் கற்கின்றது.

இப்பொழுது நம் வினாவிற்கு விடை கிடைத்துவிட்டது. முதற்சில வாரங்களில் வடம் பிடிக்கும் ஆட்கள் தொகையிற் பெருகினாருமல்லர், உடலிற் பருத்தாருமல்லர். முன்னே சோம்பி நின்ற குழுக்களும் அழைக்கப்பட்டு, காலமறிந்து ஒருங்கே இழுக்கக் கற்றனர். ஊர் கூடித் தேர் இழுத்தல் என்னும் பழமொழி ஊருக்கு மட்டுமன்று, ஒருவன் புயத்திற்கும் பொருந்தும். 1979-இல் மோரிட்டானி, டிவ்ரீஸ் என்னும் இருவர், எட்டு வாரம் கைப்பயிற்சி செய்தோரின் தசையில் எழும் மின்துடிப்புக்களை அளந்து, தொடக்கத்தில் மிகும் வலிமைக்கு நரம்பே முதற்காரணம் என்றும், தசையின் பருமை அதன்பின்னரே தலைமை பெறுகின்றது என்றும் காட்டினர்.

இதனினும் வியப்பான சான்று ஒன்றுண்டு. 1894-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்சர் என்பாரும் அவர் துணைவரும் ஒரு கையை மட்டும் பயிற்றிப் பார்த்தனர். பயிலாது வாளாவிருந்த மற்றைக் கையும் வலிமை பெற்றிருக்கக் கண்டனர். வலக்கையின் தசை இடக்கைக்குச் செல்லுதல் கூடுமோ? கூடாது. இருகைக்கும் பொதுவாகிய ஆசிரியன் மேலே இருந்து கற்றமையாலேயே கல்லாத மாணவனும் பயனுற்றனன். எலும்பு முறிந்து ஒரு கை கட்டுண்டிருக்கும் காலத்தில் மற்றைக் கையைப் பயிற்றுதல், கட்டுண்ட கையின் வலிமை குன்றுதலைக் குறைக்க உதவும் என்பது இதனாற் பெறப்பட்ட நன்மையாகும்.

தசைப்பயிற்சியை மருந்தாகக் கொள்ளும் முறையும் படிப்படியாகவே திருந்தியது. இரண்டாம் உலகப்போரிற் காயமுற்ற வீரர்க்கு முதலில் இலேசான அசைவுகளையே பலமுறை செய்வித்தனர். அமெரிக்கப் படைமருத்துவராகிய தாமஸ் டெலார்ம் அம்முறையை மாற்றி, பத்துமுறை மட்டுமே தூக்கவல்ல அளவிற்குப் பாரத்தை ஏற்றி, வலிமை மிகுந்தோறும் பாரத்தையும் மிகுவித்தார். அவர் தம் முறையை 1945-இல் வெளியிட்டார். இன்று உடற்பயிற்சிக் கூடங்களில் இளைஞர் எண்ணி எண்ணித் தூக்கும் முறைக்கு அம்மருத்துவமனைப் பழக்கமும் ஒரு வேராகும்.

இனி நம் நாட்டு வரலாற்றிற்கு வருவாம். மயிலத்திற்கு வடக்கே சிறிது தொலைவில் உள்ள திண்டிவனத்தில், 1890-ஆம் ஆண்டில், தந்தையார் மருத்துவத் திருப்பணி செய்த வீட்டிற்கு அமெரிக்காவினின்று வந்திருந்தார் ஐடா ஸ்கட்டர் என்னும் இளம்பெண். பேறுகால வேதனையுற்ற மகளிர் மூவர்க்காக ஓரிரவில் மூவர் வந்து அவரை அழைத்தனர். ஆண் மருத்துவரை ஏற்க அவர்கள் உடன்படவில்லை. ஐடாவோ அன்று மருத்துவம் பயின்றாரல்லர். விடியுமுன் அம்மகளிர் மூவரும் மாண்டனர். அவ்விரவே அவரை மருத்துவராக்கியது. 1900-இல் அவர் வேலூரில் தொடங்கிய பணி, 1918-இல் மகளிர்க்கு மருத்துவம் கற்பிக்கும் பள்ளியாகி, பின்னர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. திண்டிவனத்தில் விழுந்த வித்து வேலூரில் மரமாயிற்று என்னலாம். அம்மரத்தின் கிளையொன்றே ஈண்டு நாம் கூறவந்த கைம்மருத்துவம்.

கொல்லிமலையில் ஊழியம் செய்த பெற்றோர்க்கு 1914-இற் பிறந்த பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் 1946-இல் வேலூருக்கு வந்தார். மறு ஆண்டில் அவர் செங்கற்பட்டை அடுத்த திருமணியிலிருந்த தொழுநோய் நிலையத்தைக் காணச் சென்றார். மயிலம் நிலையத்தினின்று சென்னைக்குச் செல்லும் புகைவண்டி கடந்து செல்லும் ஊரே செங்கற்பட்டு. அந்நிலையத்தை நடத்திய காக்ரேன் என்னும் அறிஞர் நோயாளரைக் காட்டிவர, விரல்கள் பருந்தின் நகம்போல் வளைந்து மடங்கிய கைகளை பிராண்ட் கண்டார். அத்தகைய கையொன்றினோடு தம் கையை இணைத்து இறுகப் பிடிக்கச் சொன்னபோது, அப்பிடியின் வலிமை அவரைத் திடுக்கிடச் செய்தது. வளைந்த கையில் வலிய தசைகள் இன்னும் உயிரோடிருந்தன!

தொழுநோய் நரம்பைத் தாக்குங்கால் எல்லா நரம்பையும் ஒருபடித்தாகத் தாக்குவதில்லை. முழங்கையின் உட்புறத்தும் மணிக்கட்டினும் தோலுக்கு அண்மையில் ஓடும் நரம்புகளையே பெரிதும் கெடுக்கின்றது. அதனால் உள்ளங்கையின் சிறுதசைகள் ஏவுவாரின்றிச் செயலறுகின்றன; முன்கையின் பெருந்தசைகளுட் பலவோ, மேலேயே தம் நரம்பைப் பெற்றுவிடுதலின் நலமாயிருக்கின்றன. ஆகவே, நலமாயுள்ள தசையொன்றின் நாணை எடுத்து, செயலற்ற தசையின் இடத்திற் பொருத்தினால் கை மீண்டும் தொழில் செய்யுமென்று பிராண்டும் அவர்தம் குழுவினரும் துணிந்தனர். மோதிரவிரலை மடக்கும் நாண்கள் இரண்டு. ஒன்றே அவ்விரலுக்குப் போதும். மற்றொன்றை உள்ளங்கையின் குறுக்கே கொண்டுசென்று பெருவிரலிற் பிணித்தால், பெருவிரல் மற்றை விரல்களை எதிர்நோக்கி வரும். எழுதுகோல் பிடித்தலும், சோற்றைப் பிசைந்து கவளமாக்குதலும், கதிரரிவாள் பற்றுதலும் பெருவிரல் எதிர்வருதலாலன்றோ இயல்கின்றன?

அறுவை முடிந்து, ஏறக்குறைய மூன்று வாரம் கட்டிலிருந்த கை கட்டவிழ்க்கப்படும் நாளே நம் பொருளுக்கு உயிர்நிலையாயது. நோயாளன், பெருவிரல் அசைக என்று நினைக்கின்றான், பெருவிரல் அசையவில்லை. ஏன்? அந்நாணை இழுக்கும் தசைக்குரிய நரம்பு இன்னும் மோதிரவிரலின் நரம்பாகவே இருக்கின்றது. அப்பொழுது பயிற்றுவோர், மோதிரவிரலை மடக்குக என்பர். அவன் மோதிரவிரலை மடக்க நினைத்தவுடன் பெருவிரல் எழுந்து வருகின்றது! தன் கையே தனக்குப் புதிராகி அவன் வியந்து நோக்குகின்றான். பின்னர் நாடோறும் சிறிது சிறிதாக, கண்ணாற் பார்த்துப் பார்த்து, அதனையே பலகாற் செய்கின்றான். வாரங்கள் செல்லச் செல்ல மோதிரவிரலை நினைத்தல் நீங்கி, பெருவிரலை நினைத்த மாத்திரத்தே பெருவிரல் அசைகின்றது. தசை அதே தசை, நரம்பும் அதே நரம்பு. மாறியது மூளையின் கல்வி. கத்தி நாணை இடம்மாற்றியது. ஆனால் அதற்குப் புதுத்தொழில் கற்பித்தது பயிற்சியே. அப்பயிற்சி இல்லாவிடின், எத்துணைத் திறம்பட அறுத்துத் தைத்த கையும் மரக்கையாகவே நின்றிருக்கும்.

திருந்திய கைகள் தொழில் செய்து பழகுதற்கென வேலூர்க் கல்லூரி வளாகத்திலே புதுவாழ்வு மையம் ஒன்றும் அமைக்கப்பட்டது. 1955-இல் வேலூருக்கு அண்மையிலுள்ள கரிகிரியில் ஷெஃபிலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. தொழுநோயாளரின் விரல்கள் தேய்ந்து குறைதற்கு முதற்காரணம் உணர்விழந்த கை சுடுதலையும் வெட்டுதலையும் அறியாமையே என்று பிராண்ட் தெளிவுறக் காட்டினார். செய்தி கொணரும் நரம்பு கெட்டமையின் அக்கைக்குக் கண்ணே காவலாக வேண்டும். இந்நாளில் தொழுநோய் முற்றும் தீர்க்கத்தக்க நோயாம். உலகச் சுகாதார நிறுவனம் 1981-இற் பரிந்துரைத்த கூட்டுமருந்துச் சிகிச்சையை நரம்பு கெடுமுன்னரே பெற்றார்க்குக் கை மடங்க வேண்டுவதேயில்லை. உணர்ச்சியற்ற தேமலைக் கண்டும் நாணத்தால் மறைப்பது தன் கையைத் தானே விற்பதற்கு ஒப்பாகும்.

அவ்வேலூரிலேயே பிறிதொரு வாழ்வும் இவ்வுண்மைக்குச் சான்றாயிற்று. மேரி வர்கீஸ் என்னும் இளம் மருத்துவர் 1954-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஊர்திவிபத்தொன்றிற் சிக்கித் தண்டுவடம் அறுபட்டு, இடுப்பிற்குக் கீழே உணர்வும் அசைவும் இழந்தார். தண்டுவடம் முற்றும் அறுபட்டவிடத்து எத்துணைப் பயிற்சியும் கால்களை மீண்டும் நடக்கச் செய்தற்கில்லை. பயிற்சிக்கும் எல்லையுண்டு என்பதனை நாம் மறைத்தலாகாது. ஆயின், எஞ்சியவற்றைப் பயிற்றுதற்கு எல்லை கண்டார் யார்? அவர் தோளையும் கையையும் பயிற்றி, சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் ஆஸ்திரேலியாவிற் பயிற்சியும் அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவக் கல்வியும் பெற்று மீண்டு, வேலூரில் அத்துறைக்குத் தலைவரானார். 1966-இல் அங்கு மறுவாழ்வு நிலையமும் திறக்கப்பட்டது. 1972-இல் இந்திய அரசினர் அவர்க்குப் பத்மஸ்ரீ விருதளித்தனர்.

இவற்றாலெல்லாம் நாம் அறியக்கடவது யாது? நம் ஊர்களில் பக்கவாதத்தாற் கை விழுந்தோரையும், பனையினின்று வீழ்ந்து நெடுநாள் கட்டிற் கிடந்தோரையும் காண்கின்றோம். மருத்துவர் கற்பித்த பயிற்சியை அவருட் சிலர் இருவாரம் செய்து, கையைப் பார்த்து, சதை வைக்கவில்லையே என்று கைவிடுகின்றனர். அவ்விருவாரமே நரம்பு எழுத்தறியத் தொடங்கிய காலமென்பதனை அவர்க்கு எடுத்துரைப்பார் இலர். குழந்தை அரிச்சுவடி பயிலும் முதல் திங்களில், நூல் இயற்றவில்லையே என்று எவரேனும் பள்ளியினின்று நிறுத்துவரோ? தசையின் ஆற்றலை மருத்துவர் 0 முதல் 5 வரை எண்ணிட்டு அளப்பர். சிறிதும் துடியாதது 0; துடிப்பு மட்டும் தோன்றி உறுப்பை அசைக்க இயலாதது 1; பாரத்தைத் தாங்கிவிட்டால் அசைவது 2; தன் பாரத்தைத் தானே தூக்குவது 3; சிறிது எதிர்ப்பையும் வெல்வது 4; இயல்பான வலிமை 5. கண்ணுக்குப் புலப்படாத முன்னேற்றமும் இவ்வளவையாற் புலப்படும். 0 ஆயிருந்த தசை 1 ஆதல் காண்போர்க்கு ஒன்றுமன்று. நோயாளர்க்கோ கதவு திறந்த ஓசையாகும்.

பயிற்றுமுறையிற் கருதத்தக்கன சிலவுள. செய்ய விரும்பும் தொழிலையே பயிலுதல் வேண்டும். கிண்ணம் எடுக்க வேண்டுவோன் கிண்ணத்தை எடுத்தே பழகுக. மனம் வேறெங்கோ உலவ, பிறர் கையை அசைத்துவிடுதல் மட்டும் போதாது; அசைத்தற்கு நோயாளரும் உள்ளத்தால் முயல வேண்டும். சென்னையில் மருத்துவம் பயின்று அமெரிக்காவில் ஆராய்ந்த வி. எஸ். இராமச்சந்திரன், இழந்த கையில் வலி தோன்றுவோர்க்கு நலமான கையின் நிழலைக் கண்ணாடியிற் காட்டி மூளையைப் பயிற்றினார்; அம்முறை பக்கவாதமுற்ற கையைப் பயிற்றவும் பிற்காலத்திற் பயன்பட்டது. அளவும் அறிதல் வேண்டும், நரம்பும் களைப்புறும், உறக்கமும் ஓய்வும் பயிற்சியின் பகுதிகளேயாம். எந்நோயாளர்க்கும் எப்பயிற்சி ஏற்றதென்பதனை அத்துறை வல்லாரே வகுத்தல் வேண்டும்.

நண்பர்காள்! கல்வி என்பது ஏட்டோடும் நாவோடும் நின்றுவிடுவதன்று. நம் விரல்நுனி வரையிலும் அது பரந்து கிடக்கின்றது. எழுதுங்கை, உழுங்கை, நெய்யுங்கை அனைத்தும் ஒருகாலத்தில் ஒன்றுமறியாது பயின்ற கைகளே. நோயால் அக்கல்வியை இழந்தான் ஒருவன் மீண்டும் அரிச்சுவடியிற் தொடங்குங்கால், அவன் கை பருத்ததோவென்று நோக்காது, இன்று நேற்றினும் ஒருமுறை கூடுதலாக அசைந்ததோவென்று நோக்கி, அவன் அருகிருந்து எண்ணிச் சொல்லுதல் நம்மனோர்க்கு இயன்ற எளிய உதவியாகும். அதனைச் செய்ய மருத்துவப் பட்டம் வேண்டுவதில்லை. பொறுமை ஒன்றே வேண்டும்.